சுத்தியல் சத்தத்தில் வளர்ந்த மீன்கள்

பிள்ளைகளே, நாமக்கல்லில் கடல் கிடையாது. உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் என் மகள் படித்த கல்லூரியின் வாசலில் நின்றால் உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். 'கடல் நஞ்சு ஆய்வு மையம்' என்று நீல எழுத்தில் பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகைக்குக் கீழே இளநீர் வண்டி. பலகைக்குப் பின்னால் சோளக்காடு. பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு பெரியவர் வாட்ச்மேனிடம், "ஏனுங்க, கடல் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டதை நான் என் காதாலேயே கேட்டேன். வாட்ச்மேன் கொஞ்சமும் யோசிக்காமல் மோகனூர்ப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே இருப்பது காவிரி. அதிலும் மேட்டூரில் திறந்துவிட்டால்தான் தண்ணீர்.

கல்லூரித் தாளாளரைத் தப்பாக நினைக்காதீர்கள். நல்ல மனிதர். பக்கத்துக் கல்லூரியில் புதிதாக எதையாவது கட்டினால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். பக்கத்துக் கல்லூரியில் கோழி நோய்க்கு ஓர் ஆய்வகம் திறந்தார்கள். நம் ஊரில் கோழியை வைத்து இனிமேல் யாரையும் ஆச்சரியப்படுத்த முடியாது என்பது தாளாளருக்குத் தெரியும். அந்தச் சமயம் பார்த்துத் தெற்குக் கடற்கரையிலிருந்து ஒரு பேராசிரியை வேலை கேட்டு வந்தார். நீங்கள் எதில் ஆராய்ச்சி செய்தீர்கள் என்று தாளாளர் கேட்டாராம். கடலில் வளரும் பாசியின் நஞ்சு என்று அவர் சொன்னாராம். அடுத்த வாரமே பலகை வந்துவிட்டது. அறை வருவதற்குத்தான் கொஞ்சம் தாமதமானது. அறைக்கு ஏசி வந்தது, வந்த வேகத்தில் அட்மிஷன் ஆபீசுக்குப் போய்விட்டது. அந்த மையத்துக்கு என்று வாங்கிய மீனுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்தான் பிடிக்குமாம். ஆகையால் மீன் தரப்பிலிருந்து புகார் எதுவும் வரவில்லை.

என் மகள் அந்தப் பேராசிரியையிடம்தான் எம்.எஸ்சி. கடைசி வருடம் படித்தாள். வீட்டில் எல்லோரும் அவரை மேடம் என்போம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் லாரிக்கு பாடி கட்டுகிறவன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன். அதனால் இந்தப் பாசி விவகாரத்தை மேடம் எனக்கு எப்படிச் சொன்னாரோ அப்படியேதான் உங்களுக்கும் சொல்ல முடியும்.

கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி மிதக்கும். சில காலம் அது திடீரென்று பெருகும், தண்ணீரின் நிறமே மாறிவிடும். எல்லாப் பாசியும் கெட்டதில்லை. ஒரு சில வகைக்குள் மட்டும் நஞ்சு இருக்கும். சிப்பியும் மட்டியும் அந்தப் பாசியைத் தின்று நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். அந்தச் சிப்பியை வாங்கிக் குழம்பு வைத்த மனிதன்தான் மாட்டிக்கொள்வான். உதடு மரத்துப் போகும். கை காலில் எறும்பு ஊறும். அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

"அப்பறம் சிப்பி நல்லதா கெட்டதான்னு எப்படீங்க கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"முன்னால எல்லாம் தின்னுதான் கண்டுபிடிச்சாங்க" என்றார் மேடம்.

தின்று கண்டுபிடிப்பதற்குப் பதிலாகத்தான் இந்தக் குட்டி மீன். ஜீப்ரா மீன் என்று பெயர். கடல் மீன் இல்லை, வயல் வாய்க்காலில் கிடக்கிற இனம். உடம்பில் நீலக் கோடு போட்டிருக்கும், உங்கள் சுண்டுவிரல் நீளம்கூட இராது. அதன் குஞ்சு கண்ணாடி மாதிரி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே இதயம் துடிப்பது தெரியும். குஞ்சுகளை ஒரு கண்ணாடித் தட்டில் விட்டு, தட்டின் ஓரத்தை லேசாகத் தட்டினால், கண் இமைப்பதற்குள் சுருண்டு துள்ளி ஓடும். நஞ்சு கலந்த தண்ணீரில் இருந்த குஞ்சு துள்ளாது, துள்ளினாலும் தாமதமாகத்தான் துள்ளும். நரம்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம். மனிதனின் நரம்பும் ஏறக்குறைய அதே மாதிரிதான் வேலை செய்கிறதாம். நல்ல மீன் துள்ள வேண்டும், நஞ்சு மீன் துள்ளக் கூடாது. சோதனை அவ்வளவுதான். கேட்கும்போது, இதற்கு எம்.எஸ்சி. எதற்கு என்றுகூட எனக்குத் தோன்றியது.

கடற்கரையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்கள் ஒரு சின்னக் குப்பியில் நஞ்சு அனுப்பியிருந்தார்கள். இரண்டு தடவை சோதனை செய்ய மட்டும் போதும், மூன்றாவது தடவைக்குக் கிடையாது. நல்ல மீனும் நஞ்சு மீனும் பளிச்சென்று வேறு வேறாகத் தெரிகிற மாதிரி ஒரு சோதனையைச் செய்து காட்டினால், என் மகளுக்கு அங்கேயே மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய இடம் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். காட்டாவிட்டால்? அதற்கும் வழி இருந்தது. என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், கோழிப்பண்ணை வைத்திருப்பவர், தீவனக் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை ஒன்றைப் பேசி வைத்திருந்தார். மகள் அந்த வேலையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள். இடம் கிடைக்காவிட்டால் அந்த நாற்காலிதான் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மீன் எங்கள் வீட்டுக்கு வந்தது இப்படித்தான். ஜீப்ரா மீன் காலையில் முதல் வெளிச்சம் பட்டதும் முட்டையிடும். கல்லூரி ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். மீனின் நேரத்தை மாற்றலாமா என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று தெரிந்ததும், "அப்படீன்னா ஊட்டுல வெச்சுக்கோங்க" என்றார்களாம். ஆகவே தாய் மீன்களும் முட்டைகளும் எங்கள் வீட்டு முன்னறையில் அலமாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டன. எங்கள் வீடு பட்டறைத் தெருவில் இருக்கிறது. முன்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் என் பட்டறை. குஞ்சுகள் வளர்ந்ததும் அவற்றைக் கல்லூரிக்குக் கொண்டுபோய், நஞ்சு வேலையை மேடத்தின் கண் முன்னால் அங்கேதான் செய்ய வேண்டும். பால் கேன் கொண்டுபோகிற மாதிரி நான்தான் வண்டியில் கொண்டுபோனேன்.

முதல் சோதனை நடந்தது. நஞ்சு மீன் தட்டைத் தட்டினார்கள். ஒரு குஞ்சும் அசையவில்லை. மேடம் தலையை ஆட்டினார். நல்ல மீன் தட்டைத் தட்டினார்கள். அதிலும் ஒன்றும் அசையவில்லை. மறுபடி தட்டினார்கள். கொஞ்சம் பலமாகத் தட்டினார்கள். ஒரே ஒரு குஞ்சு மட்டும், கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற ஆளை யாரோ கூப்பிட்ட மாதிரி, மெதுவாகத் திரும்பிவிட்டு மறுபடி அதன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

என் மகள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீடு வரைக்கும் காலிப் பெட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள்.

தாளாளருக்கு மட்டும் இதில் துக்கமே இல்லை. "ரெண்டு தட்டும் ஒரே மாதிரியா இருக்குதா? நல்லதுதானுங்களே! நம்ம காலேஜ் மீனு விசத்துக்கே அசையாதுன்னு நோட்டீஸ்ல போட்டுரலாம்" என்றாராம். மேடம் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று மகள் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து மேடமே எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது, அதுதான் நல்ல மீனையும் மந்தமாக்கிவிட்டது என்பது அவருடைய சந்தேகம். தண்ணீரைப் பார்த்தார், மோந்தார், காகிதத்தை நனைத்துப் பார்த்தார். அடுத்த ஈடு குஞ்சுகள் தட்டில் இருந்தன, அவற்றையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. இதயம் துடித்தது, வால் ஆடியது. என் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

மேடம் ஒரு வாய் குடித்திருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறையில் ஒரு தகரம் விழுந்தது. மேடம் உட்கார்ந்த இடத்திலிருந்து எம்பிவிட்டார். காபி முக்கால்வாசி சேலையில்.

"ஏனுங்க மேடம், காபி சூடு அதிகமுங்களா?" என்றாள் என் மனைவி.

"ஐயோ, என்னங்க அது?"

"எதுங்க?" என்று கேட்டேன். நிஜமாகத்தான் கேட்டேன். நான் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தச் சத்தம்! வீடு இடிஞ்சு விழுந்த மாதிரி! உங்க யாருக்குமே கேக்கலயா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் தெருவில் வரிசையாகப் பட்டறைகள். என்ஜினும் சக்கரமும் அடிச்சட்டமுமாக லாரியின் சேஸ் மட்டும் வந்து நிற்கும், இரும்பும் மரமும் அடித்து பாடி ஏற்றி அனுப்புவோம். காலையில் சுத்தியல் தொடங்கினால் பொழுது சாயும்போதுதான் நிற்கும். பாடி முடிந்ததும் ஏர் ஹாரன் மாட்டுவார்கள், மாட்டியதை அடித்துப் பார்க்க வேண்டுமல்லவா, அடித்துப் பார்ப்பார்கள். என் மகள் பிறந்ததும் இந்தச் சத்தத்தில்தான், படித்ததும் இதில்தான். பரீட்சைக் காலத்தில்கூட நாங்கள் இதைச் சத்தம் என்று எண்ணியதில்லை.

மேடம் நனைந்த சேலையை உதறிக்கொண்டே சட்டென்று நின்றார். மீன் தட்டுக்குப் போய்க் குனிந்தார். "அண்ணே, இன்னொருவாட்டி அதைப் போடச் சொல்லுங்க" என்றார்.

சுவரைத் தட்டிக் குரல் கொடுத்தேன். பட்டறையில் தகரத்தை மறுபடி போட்டார்கள், தாராளமாகவே போட்டார்கள். அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. தட்டிலிருந்த தண்ணீர் நடுங்கியது. ஒரு குஞ்சும் அசையவில்லை.

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "மீனுக்கு ஒண்ணுமே இல்ல. அதுவும் உங்களை மாதிரியே ஆயிருச்சு!"

அப்புறம் விளக்கிச் சொன்னார். ஒரு சத்தம் வந்தால் மீன் துள்ளும். மறுபடி மறுபடி அதே சத்தம் வந்து, அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை என்றால், இதற்கெல்லாம் துள்ளிக்கொண்டிருக்க முடியாது என்று குஞ்சு கற்றுக்கொண்டுவிடும். நரம்பு கெட்டுப் போகவில்லை. படித்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் நஞ்சு பட்ட மீனும் பட்டறைத் தெரு மீனும் ஒரே மாதிரி இருக்கும்.

எனக்கு அதைக் கேட்டுக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறந்து நாலு நாள் ஆகாத குஞ்சு எங்கள் தொழிலைப் பழகிவிட்டதே என்று. மகளின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெருமையை வெளியே சொல்லாமல் விழுங்கிவிட்டேன். குப்பியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் நஞ்சு இருந்தது.

"சத்தமில்லாத எடத்துல வளக்கோணும்" என்றாள் மகள். "முட்டை போட்டதுல இருந்து தட்டிப் பாக்கற அன்னைக்கு வரைக்கும். ஒரு சத்தமும் ஆகாது."

பிள்ளைகளே, நாமக்கல்லில் கடல் இல்லை என்று முதலில் சொன்னேன். சத்தமில்லாத இடமும் இல்லை என்பதை அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். என் பட்டறையை ஒரு வாரம் மூடுகிறேன் என்றேன். பக்கத்துப் பட்டறைக்காரர், "நீங்க நிறுத்துங்க மொதல்ல, பொறவு நான் நிறுத்தறனுங்க" என்றார். அவருக்கு அடுத்தவரும் அதையேதான் சொன்னார், இவரை முதலில் நிறுத்தச் சொல்லி. தெருக் கடைசி வரைக்கும் நடந்து திரும்பி வந்தால் கணக்கு மறுபடி என்னிடமே வந்து நின்றது. கல்லூரி ஆய்வகத்திலேயே வளர்க்கலாமா என்றால், அதன் ஜன்னலுக்குக் கீழேதான் ஜெனரேட்டர். திருச்செங்கோட்டில் ஒரு சொந்தக்காரர் வீடு ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறதே என்று போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் போர் போடுகிற ரிக் வண்டியின் கம்ப்ரசரைக் கழற்றி ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். "அமைதியான எடமுங்க, வேணும்னா இங்கயே தங்கிக்கோங்க" என்று அவர் என் காதருகே வந்து கத்தினார். ஒரு தங்கிப் படிக்கும் பள்ளியில் காலியாக ஓர் அறை இருந்தது. அங்கே விடிவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வேதியியலை ஒரே குரலில் ஒப்பிக்கிறார்கள். மீன் அதையும் மனப்பாடம் செய்துவிடும் என்று நான் திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியில் என் மனைவிதான் சொன்னாள். "ஏனுங்க, எங்கண்ணன் பண்ணையில ஈ பறந்தாக்கூடக் கேக்குமே."

அது உண்மை. முட்டைக்கோழிக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. ஒரு வெடி வெடித்தால் கூட்டமாகப் பதறும், மறுநாள் முட்டை குறையும். முட்டை குறைந்தால் மச்சானும் பதறுவார். ஆகவே அவர் பண்ணைக்கு அரைப் பர்லாங் முன்னாலேயே ஹாரன் அடிக்காதே என்று பலகை இருக்கும். தீபாவளிக்கு அவர் வீட்டுப் பிள்ளைகள் மத்தாப்பு மட்டும்தான் கொளுத்துவார்கள். வேலை செய்கிறவர்கள் எல்லோரும், கோழி மிரளக் கூடாது என்று, ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, மாமியார் வீட்டில் நடக்கிற மாதிரி மெதுவாக நடப்பார்கள். முட்டை அடுக்குகிற அறை இன்னும் அமைதி.

மச்சானைப் பார்க்கப் போனோம். தீவனக் கம்பெனி வேலையை வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறோமோ என்று அவர் முகம் கொஞ்சம் இறுகியே இருந்தது. விஷயத்தைச் சொன்னோம்.

"மீனா? எத்தன முட்டை போடும் அம்மிணி?" என்று மகளைக் கேட்டார்.

"ஒரு சோடி நூறுக்கு மேல போடும் மாமா."

"வருசத்துக்கா?"

"ஒரு காலையில மாமா."

மச்சான் வாயில் வைத்திருந்த பல்குச்சியை எடுத்துவிட்டார். "தீவனம் எவ்வளவு?"

"ஒரு சிட்டிகை."

அவர் என்னைப் பார்த்தார். இத்தனை நாள் ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை என்கிற பார்வை. "முட்டை என்ன சைசு?"

"கடுகவிடச் சின்னது மாமா."

"சரி, ஆம்லேட்டுக்கு ஆகாது" என்று குச்சியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். "அந்த வேலை இன்னும் ஒரு மாசந்தான் காலியா இருக்கும், தெரியுமா?" என்றார்.

"தெரியும் மாமா. இந்தச் சோதனை தோத்துப் போச்சுன்னா நானே போயி உக்காந்துக்கறேன். சாக்குச் சொல்லமாட்டேன்."

"செரி. முட்டை ரூமுல ஒரு மூலைய எடுத்துக்க. ஆனா எங்க பண்ணை ரூல்ஸு எல்லாருக்கும் ஒண்ணுதான், மீனுக்கும் சேத்தித்தான்."

அந்த ரூல்ஸ் என்ன என்பது அடுத்த வாரம் வாசலில் தெரிந்தது. மகள் அன்றைய முட்டைகளைக் கண்ணாடித் தட்டுகளில் எடுத்து, தட்டுகளைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். பட்டறையில் சுத்தியல் தொடங்குவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். வெளியிலிருந்து எது பண்ணைக்குள் போனாலும் கிருமிநாசினி அடித்துத்தான் உள்ளே விடுவார்கள். லாரிச் சக்கரத்துக்கு அடிப்பார்கள், செருப்புக்கு அடிப்பார்கள், மாப்பிள்ளை என்று பார்க்காமல் எனக்கும் ஒருமுறை அடித்திருக்கிறார்கள். கேட்டில் நின்ற ஆள் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு வந்து, "பெட்டியத் தொறங்க அம்மிணி" என்றார்.

"அண்ணா, வேணாங்க! உள்ள முட்டை!"

"முட்டைக்குத்தான் மொதல்ல அடிப்போமுங்க. இது ரூல்சு."

"ஒரு சொட்டுப் பட்டாலும் எல்லாம் செத்துருமுங்க!"

"கோழி செத்துச்சுன்னா எஞ்சோறு போயிருமுங்க" என்றார் அவர். அதுவும் நியாயம்தான். அவர் மூக்கு மறைய முகமூடி போட்டுக்கொண்டு குழாயை நீட்ட, மகள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். நான் இடையில் நின்று இரண்டு பேருக்கும் ஆமாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி வண்டியிலிருந்து இறங்கி, அண்ணிக்குக் கொடுக்க எடுத்துவந்த புடவை போட்டிருந்த பெரிய பிளாஸ்டிக் பையை உதறி எடுத்தாள். பெட்டியை அதற்குள் வைத்து, வாயை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினாள். "இப்ப பைக்கு அடிச்சுக்கோங்க. நல்லாச் சுத்தியும் அடிங்க. உள்ள போயி நான் பையக் கழட்டி உங்க கையிலயே குடுத்தர்றேன், எரிச்சுருங்க" என்றாள். அந்த ஆளுக்கு ரூல்ஸ் நிறைவேறியது. அடித்துவிட்டு, மகளின் செருப்புக்கும் கொஞ்சம் அடித்தார், மனக்குறை தீர.

முட்டை அறையின் மூலையில் ஒரு பெஞ்சு. சுற்றிலும் அட்டை அட்டையாகக் கோழி முட்டை. அவற்றுக்கு நடுவில் கடுகைவிடச் சின்ன மீன் முட்டைகள். அங்கே நுழைந்ததும் என் காதில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. அதுதான் அமைதி என்று எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. "இது பரவாயில்லையே!" என்றேன்.

மகள் வேகமாக என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். "அப்பா, நீங்க இங்க வராதீங்க."

"ஏஞ்சாமி?"

"நீங்க பேசறது கோழிக்கே கேக்குது. உங்க குரலுக்கே மீன் பழகிப் போயிருமுங்கப்பா."

பட்டறையில் பேசுகிறவனுக்குக் குரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. எதிரில் இருப்பவனிடம் பேசினாலும் அடுத்த தெருவில் இருப்பவனிடம் பேசுகிற மாதிரிதான் வரும். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். மகளுக்கு ஃபீஸ் கட்டும்போது என் குரல் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. ஆனால் குப்பியில் மிச்சம் இருந்ததை நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் குஞ்சுகள் வளர்ந்து முடிகிறவரை நான் பண்ணைப் பக்கம் போகவில்லை. மகளும் மனைவியும் மாறி மாறிப் போனார்கள். மச்சான்கூட அந்த அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாராம்.

சோதனை அன்றைக்கு நானே வண்டி ஓட்டினேன். மேடு பள்ளம் பார்த்து, ஹாரன் அடிக்காமல், பின்னால் வந்த எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு ஓட்டினேன். ஜெனரேட்டரை மதியம் வரைக்கும் போடக் கூடாது என்று மேடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். பாதிக் குஞ்சுகளை நஞ்சுத் தண்ணீரிலும் பாதியைச் சாதாரணத் தண்ணீரிலும் விட்டார்கள். அதற்கப்புறம் காத்திருக்க வேண்டும். நான் ஆய்வகத்துக்கு வெளியே, கதவோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது.

தட்டிப் பார்க்கிற நேரம் வந்தபோது வராந்தாவில் தாளாளர் வந்தார். தனியாக வரவில்லை. அட்மிஷனுக்கு வந்த பெற்றோர்கள் ஒரு கூட்டம் பின்னால் வந்தது. ஓர் ஆள் தோளில் ஸ்பீக்கர் தொங்கவிட்டிருந்தார், தாளாளர் கையில் மைக். "இதுதானுங்க நம்ம கடல் ஆராய்ச்சி மையம்! தமிழ்நாட்டுலயே கடல் இல்லாத ஊருல கடல் ஆராய்ச்சி..." என்று வந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து கதவுக்கு முன்னால் நின்றேன். என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்யவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு, எனக்குத் தெரிந்தவரை என் வாழ்நாளில் முதல் தடவையாக, கிசுகிசுத்தேன்.

"சார், மைக்க நிறுத்துங்க. உள்ள மீனு கேட்டுட்டு இருக்குதுங்க."

"மீனு என்னத்தயா கேக்குது?"

"எல்லாத்தையும் கேக்குதுங்க சார். இப்ப நீங்க பேசிட்டீங்கன்னா அதுக்கும் பழகிக்கும். அப்பறம் எம்புள்ள தட்டறப்ப துள்ளாது. மறுபடி ரெண்டு தட்டும் ஒண்ணாயிருமுங்க. குப்பியில இனி விசமும் இல்லீங்க சார்."

தாளாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெற்றோர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். ஒரு வார்த்தையில் என்னை அங்கிருந்து அனுப்பிவிட அவரால் முடியும். அவர் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். ஸ்விட்சை அணைத்தார். அணைத்த மைக்கிலேயே, பழக்க தோஷத்தில், கிசுகிசுவென்று கூட்டத்துக்குச் சொன்னார்: "எல்லாரும் செருப்பக் கழட்டுங்க. உள்ள ஆராய்ச்சி நடக்குது."

கூட்டம் மொத்தமும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் வரிசையாக நின்றது. ஒருவரும் இருமக்கூட இல்லை. இந்த ஊர்ப் பெற்றோருக்கு அமைதி என்றால் ஒழுக்கம் என்று அர்த்தம். "இந்த மாதிரி டிசிப்ளின் வேற எந்தக் காலேஜ்லயும் பாக்கலீங்க" என்று ஒருவர் தன் மனைவியின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்குச் சேர்க்கை நன்றாக நடந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நான் கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தேன். மகள் நல்ல மீன் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேடம் மேலே கேமராவைப் பிடித்திருந்தார். மகள் தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு தடவை தட்டினாள். தட்டுக்குள் என்ன நடந்தது என்று அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. மேடத்தின் தலை மட்டும் வெடுக்கென்று பின்னால் போனது. மகள் நகர்ந்து அடுத்த தட்டைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். குனிந்து எழுதினாள். அவள் முகத்தில் எதுவுமே இல்லை.

பிறகு கதவைத் திறந்து, "அப்பா, வாங்க" என்றாள்.

"பேசலாமா சாமி?"

"இப்பப் பேசலாம்."

மேடம் கேமராவில் பிடித்ததை மெதுவாக ஓட்டிக் காட்டினார். நல்ல மீன் தட்டில், தட்டின உடனே எல்லாக் குஞ்சும் வளைந்து, அடுப்பில் கடுகு வெடித்த மாதிரி நாலாபக்கமும் தெறித்தன. எதுவும் மிச்சமில்லை. அடுத்த தட்டில் தண்ணீர் மட்டும் நடுங்கியது. "இதைவிடச் சுத்தமா யாராலயும் காட்ட முடியாது" என்றார் மேடம். கடற்கரை நிலையத்துக்கு அனுப்பவேண்டியதை அப்போதே அனுப்ப உட்கார்ந்தார். தாளாளர் கதவுக்கு வெளியிலிருந்து, "துள்ளுச்சுங்களா?" என்று கிசுகிசுவென்று கேட்டார். துள்ளியது என்றேன். அவர் பெற்றோர்களைப் பார்த்துத் திரும்பிக் கையைத் தட்டப் போய், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மகள் என்னை லென்ஸ் வழியாக இரண்டாவது தட்டைப் பார்க்கச் சொன்னாள். இத்தனை நாள் கொண்டுபோனேன், கொண்டுவந்தேன், இதை மட்டும் பார்த்ததில்லை. ஒரு குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் இதயம் துடித்துக்கொண்டிருந்தது, நன்றாகத் தெரிந்தது. வால் ஆட முயன்று பாதியில் நின்றது.

"இதுக்கு வலிக்குமா சாமி?"

"தெரியலீங்கப்பா." பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வலிக்கும்னே வெச்சுக்கிட்டுத்தான் செய்யோணும். இப்ப மயக்க மருந்து போட்டு முடிச்சுருவோம். காக்க வெக்கமாட்டோம்" என்றாள்.

அவள் அதைச் செய்கிறவரை நான் அங்கேயே நின்றேன்.

சில நாளில் கடற்கரையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். தீவனக் கம்பெனி நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டதாக மச்சான் போனில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, மறுநாள் வீட்டுக்கே வந்து அவளுக்கு வழிச் செலவுக்கு என்று ஏதோ கொடுத்துவிட்டும் போனார். மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அங்கயும் இதே வேலைதானா?"

"ஆமாங்கப்பா."

"நெறைய மீனு சாகுமா?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "சாகுமுங்கப்பா. எத்தனை கம்மியா வெச்சு இந்தச் சோதனையை முடிக்கலாம்னு கண்டுபிடிக்கறதத்தான் எனக்கு மொத வேலையாக் குடுங்கன்னு கேட்டிருக்கறேன்."

"என்ன சொன்னாங்க?"

"வந்து செஞ்சு காட்டுன்னு சொன்னாங்க" என்றாள், மறுபடி துணியை எடுத்து மடித்தாள்.